எண்ணாமல் விட்ட காது

2025 செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை, காலை 10.50. முந்தின நாள் மழை விட்டிருந்தது. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, ஒரே புழுக்கம். உத்திரமேரூர் கோர்ட் வராந்தாவில் இரண்டு காவலர்களுக்கு நடுவே நின்ற ஒருவனிடம், "குற்றத்தை ஒத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் செய்யாத திருட்டு அது. நான் அவனுடைய வக்கீல்.

இப்போதுதான் கவுன் போட்டிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நாற்பத்து மூன்று வருட அனுபவத்தில் ஜெயித்த வழக்குகளைப் பற்றி நாலு பக்கம் எழுதுங்கள் என்று கேட்டீர்கள். ஜெயித்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. கோபத்தோடு எழுதுகிறேன், அதில் பாதிக்கு மேல் என் மேல்தான். ஆனால் உங்கள் மேலும் கொஞ்சம் இருக்கிறது. போன வாரம் கோர்ட்டில் வக்கீல்கள் உட்காரும் பார் அறைக்கு வந்தபோது உங்களில் மூன்று பேர் ஒரு போனைச் சுற்றி நின்று, "செம க்ளியரா இருக்கு சார், ஏஐ போட்டு எடுத்திருக்காங்க" என்று எனக்கே காட்டினீர்கள். அதனால்தான் இந்த நாலு பக்கம்.

அவன் பெயர் ஏழுமலை. வயது முப்பத்து நான்கு. இருளர். ஏரிக்கரையை ஒட்டிய பதினொரு வீடுகளில் ஒன்று அவனுடையது. கரும்பு வெட்டுவான், நெல் மூட்டை இறக்குவான், கூப்பிட்ட வேலைக்குப் போவான். ஜூன் 28 இரவு ஓர் உரக்கடையின் ஷட்டரைத் தூக்கி யாரோ கல்லாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடையின் கேமராவில் ஒன்பது வினாடிக்கு ஓர் உருவம் குறுக்கே போனது. கடைக்காரர் மானிட்டரில் ஓடியதைத் தன் போனில் எடுத்து வைத்துக்கொண்டார். காவல் நிலையத்து எஸ்.ஐ. அந்த ஒன்பது வினாடியை ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கொடுத்து, ஏஐ மென்பொருளில் 'க்ளியர்' செய்து வாங்கினார். க்ளியர் செய்த வீடியோவில் ஏழுமலையின் முகம் இருந்தது. புருவம், மூக்கு, மீசை, எல்லாம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. ஜூலை 2 அன்று அவனைக் கைது செய்தார்கள்.

சட்ட உதவிப் பட்டியலிலிருந்து வழக்கு என்னிடம் வந்தது. ஆனால் வழக்குக் கட்டு வந்து சேருவதற்கு முன்பே வீடியோ என் வாட்ஸாப்புக்கு வந்துவிட்டது. ஊரில் எல்லோருக்கும் வந்திருந்தது. நான் அதை எட்டு முறை பார்த்தேன். எட்டு முறையும் அவன்தான்.

ஜூலை 8 அன்று அவன் மனைவி அஞ்சலை என் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வக்கீலய்யா, அது எங்க வூட்டுக்காரரு இல்ல."

"நான் பார்த்தேம்மா. முகம் தெளிவா இருக்கு."

"மொகம் அவுரு மாரிதான் கீது. காதப் பாருங்க. அதுல காது முழுசா கீது."

நான் வேறொரு கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல், "எல்லாப் பொண்டாட்டியும் இப்படி ஏதாவது சொல்லத்தான் செய்வாங்க. ஜாமீனுக்கு வழியைப் பார்க்கலாம், போ" என்றேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அவளை ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். 'ஏன், அவனுக்குக் காது எப்படி இருக்கும்?' ஐந்தே சொற்கள். கேட்கவில்லை.

கட்டு வந்தது. அதில் மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் இருந்தது. நீங்கள் எல்லோரும் இப்போது அந்தச் சான்றிதழை வைத்துத்தானே சண்டை போடுகிறீர்கள். நானும் அதைத்தான் பார்த்தேன். கையெழுத்து உண்டு, தேதி உண்டு, கோப்பு மாறவில்லை என்பதற்கான ஹாஷ் எண் உண்டு. அதில் அறுபத்து நான்கு எழுத்து இருக்க வேண்டும். பென்சிலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன், அறுபத்து நான்கு. எல்லாம் சரி என்று மூடி வைத்தேன். ஸ்டுடியோவில் உருவாக்கிய கோப்பு, ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பிய பிறகு மாறவில்லை என்பதற்குத்தான் அந்தச் சான்றிதழ். ஸ்டுடியோவுக்குள் என்ன நடந்தது என்பதைப் பற்றி அதில் ஓர் எழுத்துகூட இல்லை. அறுபத்து நான்கு எழுத்தை எண்ணியவன், ஒரு மனிதனுக்கு எத்தனை காது என்று எண்ணவில்லை.

ஜூலை 10 அன்று ஜாமீன் மனு. அரசு வக்கீல் போனை நீட்டி வீடியோவைக் காட்டினார். நான் எழுந்து பேசியதை அப்படியே எழுதுகிறேன்: "வீடியோ பற்றி எதிரி தரப்பில் சொல்வதற்கு எதுவுமில்லை. குடும்பம் ஏழைக் குடும்பம், கருணை காட்ட வேண்டும்." பன்னிரண்டு சொற்கள். உத்தரவில் மாஜிஸ்திரேட், வீடியோவை எதிரி தரப்பு, அதாவது ஏழுமலை தரப்பு, மறுக்கவில்லை என்று எழுதினார். மனு தள்ளுபடி. அவர் எழுதியதில் தப்பில்லை. மறுக்க வேண்டியவன் நான், மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது நம் ஊர்க் கோர்ட்டுகளில் எல்லோரும் செய்வது. ஜாமீன் கிடைத்தாலும் ஏழைக்கு ஜாமீன்தாரர் கிடைக்க மாட்டார், நிலப் பத்திரம் உள்ளவன் இருளனுக்காகக் கையெழுத்துப் போட மாட்டான். அதனால் குற்றப்பத்திரிகை வந்ததும் ஒத்துக்கொள்ளச் சொல்வது, உள்ளே இருந்த நாளைத் தண்டனையில் கழிக்கக் கேட்பது, வெளியே அழைத்து வருவது. எல்லோருக்கும் நிம்மதி. கட்டு முடிகிறது, போலீசுக்கு வழக்கு முடிகிறது, வக்கீல் மத்தியானம் சாப்பிடப் போகிறார். நானே இதை எத்தனை பேருக்குச் செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்க உட்கார்ந்தேன். முப்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். நான் எண்ணத் தொடங்கி நிறுத்திய கணக்கு அது ஒன்றுதான்.

செப்டம்பர் 16-க்கு வருகிறேன். அன்று ஏழுமலை உள்ளே போய் எழுபத்து ஏழாவது நாள். அதுவரை நான் அவனை நேரில் பார்த்ததே இல்லை. வக்காலத்தில் கையெழுத்து ஜெயிலிலிருந்து வந்தது. காவல் நீட்டிப்பெல்லாம் ஜெயிலிலிருந்து வீடியோ கான்பரன்ஸில், திரையின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் உருவம். அன்றைக்குத்தான் முழு மனிதனாக என் எதிரில் நின்றான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"ஒத்துக்கிட்டா இருந்த நாளைக் கழிச்சுடுவாங்க. இந்த வாரமே வீட்டுக்குப் போயிடலாம்."

"நான் போவல சார் அங்க." காவலர்களை ஒருமுறை பார்த்தான். பிறகு, "ஆனா டேசன்ல அந்தப் படத்தக் காட்டுனாங்க சார். பாத்தா நான் மாரிதான் கீது. எனக்கே சந்தேகமா கீது. அன்னிக்கு குடிச்சிருந்தேன் சார். போய்ட்டேனோ இன்னாமோ" என்றான்.

கேட்டீர்களா. செய்யாத ஒருவனை, தான் செய்திருக்கலாம் என்று நம்ப வைத்துவிட்டது அந்த வீடியோ. எந்த லத்தியும் இவ்வளவு சுத்தமாக இந்த வேலையைச் செய்ததில்லை.

அஞ்சலை பின்னால் நின்றிருந்தாள். அவள் அவனிடம் பேசவில்லை, என்னிடம் பேசினாள்.

"ஒரு வாட்டி ஒத்துக்கினா அவ்ளோதான் வக்கீலய்யா. அப்பறம் இந்தப் பக்கம் மோட்டாரு போனாலும், ஆடு போனாலும், எங்க வூட்டுக்குத்தான் ஜீப்பு வரும். எங்க புள்ளிங்க வளந்தா அவங்களத் தேடிக்கினு வரும். நீங்க சாப்புடப் போய்டுவீங்க."

காவலர் ஒருவர் சிரித்தார். அவள் அவரைக் கவனிக்காமல் வந்து, புருஷனின் தாடையைப் பிடித்து, அவன் தலையை என் பக்கமாகத் திருப்பினாள். சந்தையில் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைக் காட்டுவது போல.

"இப்பயாவது பாருங்க."

இடது காதின் மேல் பாதி இல்லை. கீழே மடல் மட்டும் தொங்கியது. மேலே வெந்து சுருங்கிய ஒரு வரம்பு. மூன்று வருடத்துக்கு முன்பு வாலாஜாபாத் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் பெல்ட் இழுத்ததாம். ஆஸ்பத்திரிச் சீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்திருந்தாள். தேதி இருந்தது. ஜூலை 8 அன்றும் அது அவள் மடியில் இருந்தது, காட்டுவதற்கு நான் விடவில்லை.

நான் போனை எடுத்து வீடியோவை ஒன்பதாவது முறையாகப் பார்த்தேன். உருவம் இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு போகிறது. காது முழுசாக, வளைவும் மடிப்புமாக, அழகாக இருக்கிறது.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது ஏழுமலையோ எஸ்.ஐ.யோ அல்ல. என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் என் அப்பாவின் படம்.

அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு குரூப் போட்டோ. கடைசி வரிசையில், துவரம்பருப்பு அளவுக்கு முகம். மூன்று வருடத்துக்கு முன்பு அதைப் பெரிதாக்கித் தரச் சொல்லி இதே ஸ்டுடியோவில் கொடுத்தேன். ஸ்டுடியோக்காரர், "வெறும் மங்கல வெச்சிக்கினு மிஷினு ஒண்ணும் பண்ணாது சார். உங்க போட்டோ ஒண்ணு குடுங்க, நீங்க அப்பா ஜாடதானே" என்று வாங்கிக்கொண்டார். செத்தவர்கள் படத்துக்கு எல்லோரிடமும் இப்படித்தான் வாங்குவார். மகன் போட்டோ, இல்லாவிட்டால் தம்பி போட்டோ. படம் வந்தது. அப்பாவின் வலது கன்னத்தில் ஒரு மச்சம். அது என் மச்சம், அப்பாவுக்குக் கிடையாது. நான் ஸ்டுடியோவிலேயே சிரித்தேன். அப்படியே சட்டம் போட்டு, மாலை போட்டு மாட்டினேன். என் தங்கை வந்து பார்த்து, "அண்ணா, அப்பா அச்சா உன்ன மாரியே கீறாரு" என்று அழுதாள்.

அந்த மென்பொருள் என்ன செய்யும் என்பது உத்திரமேரூரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். தெரிந்தும் எட்டு முறை பார்த்து, எட்டு முறையும் நம்பினேன்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் ஏழுமலையைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். எனக்கு அந்த இடைவெளி ஒரு மூச்சு அளவுக்குத்தான் இருந்தது. "எதிரி ஒத்துக்கொள்ளவில்லை. அவகாசம் வேண்டும்" என்றேன்.

"காலையில், ப்ளீட் பண்ணுவார், ஒத்துக்கொள்வார் என்று சொன்னது நீங்கள்தானே?"

"ஆமாம். தவறாகச் சொன்னேன்."

"ஜாமீன் மனுவில் வீடியோவை மறுக்கவில்லையே?"

"அதுவும் தவறு. இரண்டும் என் தவறு, எதிரியுடையது அல்ல."

அரசு வக்கீல், "சாருக்கு வயசாச்சு, மறந்துடறார்" என்று பக்கத்திலிருந்தவரிடம் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். ஒரு வாரம் கிடைத்தது.

அன்று சாயங்காலமே உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் நாற்காலி கொடுத்தார், டீ சொன்னார், ஆனால் போனைக் கொடுக்க மனசில்லை.

"அவனுக்குப் போய் ஏன் சார் அலையிறீங்க? ஊரே பாத்துச்சு."

"ஊர் பார்த்தது ஸ்டுடியோவில் செய்தது. நீங்கள் முதலில் பார்த்தது என்ன?"

யோசித்தார். நேர்மையான மனிதர். "இன்னாமோ ஒரு உருவம் சார். ஆளுன்னு தெரிஞ்சுது, அவ்ளோதான். க்ளியர் பண்ணி வந்தப்பறம்தான் 'அட, நம்ம மூட்ட எறக்குறவனா'ன்னு தோணுச்சு. இப்ப பழைய வீடியோவ போட்டாலும் அவன்தான் தெரியறான்."

இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவில் செய்த முகத்தை ஒருமுறை பார்த்த கண், அதற்குப் பிறகு மங்கலிலும் அதே முகத்தைத்தான் பார்க்கும். அடையாள அணிவகுப்பு வைத்தாலும் அந்தச் சாட்சி கெட்ட சாட்சி. அவருக்கே அது தெரியாது.

கேமராப் பெட்டியில் அசல் இருக்கிறதா என்று கேட்டேன். "பதினஞ்சு நாளுக்கு மேல நிக்காது சார், அதுவே அழிச்சிக்கும்" என்றார். ஜூன் 28-லிருந்து பதினைந்து நாள், ஜூலை 13. அஞ்சலை வந்த அன்றே அசலைக் கைப்பற்ற ஒரு மனு போட்டிருந்தால் ஐந்து நாள் மிச்சம் இருந்திருக்கிறது.

மிஞ்சியது அவர் போனில் எடுத்த ஒன்பது வினாடி. ஜெராக்ஸ் கடையில் ஒரு காட்சியை நிறுத்திப் பெரிதாக்கி அச்செடுத்தேன். முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள். நெற்றியிலிருந்து மோவாய் வரை பதின்மூன்று, குறுக்கே பதினொன்று. நூற்று நாற்பத்து மூன்று கட்டம். காது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரைக் கட்டம். அது முழுக் காதா, பாதிக் காதா, ஏழுமலையா, நானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஏழுமலை போகவில்லை என்று அந்த வீடியோ நிரூபிக்கவில்லை. அதில் யாருமே இல்லை என்பதைத்தான் நான் காட்ட முடியும். அது போதும். மீதியை நிரூபிக்க வேண்டியது அரசு.

செப்டம்பர் 23. புதிய ஜாமீன் மனு. ஸ்டுடியோக்காரரை அழைத்து வரும்படி மாஜிஸ்திரேட் எஸ்.ஐ.க்குச் சொல்லியிருந்தார். நான் வீட்டிலிருந்து ஒரு பொருளைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். கிளம்பும் முன் நெடுநேரம் யோசித்தேன். அதைக் காட்டினால் வழக்கு உடையும். கூடவே, எனக்கு இது முன்பே தெரியும் என்பதும் திறந்த கோர்ட்டில் தெரிந்துவிடும். ஸ்டுடியோக்காரரைக் கேள்வியால் மடக்கி, என்னைக் காப்பாற்றிக்கொண்டு ஜெயிக்க முடியுமா என்று நான் கணக்குப் போட்டது உண்மை. முடியலாம். முடியாமலும் போகலாம். முடியாமல் போனால் உள்ளே இருப்பது நானல்ல.

மாஜிஸ்திரேட்டே அவரைக் கேட்டார்.

"வீடியோவோடு வேறு ஏதாவது கொடுத்தார்களா?"

"போட்டோ சார். எஸ்.ஐ. சார் வாட்ஸாப்புல அனுப்பிச்சாரு. வூட்டுக்கு மனு போட்டதுல இருந்து எடுத்ததுன்னாரு. 'இவன்தான், க்ளியர் பண்ணிக் குடு'ன்னாரு."

அரசு வீடு கேட்டுப் போட்ட அந்த மனு நாலு வருடத்துக்கு முந்தியது. அந்தப் போட்டோவில் ஏழுமலைக்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன.

"போட்டோ எதற்கு?"

"மிஷினுக்குப் புடிமானம் வேணும் சார். இல்லன்னா யாரு மொகத்தயாவது வெச்சிடும்."

"வேறு ஒருவர் போட்டோவைக் கொடுத்திருந்தால்?"

அவர் இந்தக் கேள்வியே புரியாத மாதிரி பார்த்தார். "அவரு மொகம் வந்திருக்கும் சார். எஸ்.ஐ. சாரு போட்டோ குடுத்திருந்தா எஸ்.ஐ. சாருதான் கடைக்குள்ள போயிருப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை. நான் துண்டைப் பிரித்து அப்பாவின் படத்தை மேஜையில் வைத்தேன். மாலையைக் கழற்ற மறந்திருந்தேன். ஸ்டுடியோக்காரர் சந்தோஷமாக, "இதுவும் நான் பண்ணதுதான் சார். வக்கீல் சார் மச்சம் அப்பாவுக்கு வந்துடுச்சு, சாரே சிரிச்சாரு" என்றார்.

மாஜிஸ்திரேட் படத்தைப் பார்த்தார். என் வலது கன்னத்தைப் பார்த்தார். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

"மூன்று வருடமாக."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. ஜாமீன் கொடுத்தார். நிலம் உள்ள ஜாமீன்தாரர் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் என் தங்கை வீட்டுக்காரர். இன்னொருவர் உரக்கடைக்காரர், நான் கேட்காமலே வந்து நின்றார். செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை, ஏழுமலை வெளியே வந்தான். இந்த வருடம் பிப்ரவரியில் விடுதலைத் தீர்ப்பு. தீர்ப்பின் நகலை வாங்கிய அன்றே கவுனை மடித்து வைத்துவிட்டேன்.

வீடியோ இன்னும் ஊர் போன்களில் இருக்கிறது. ஏழுமலையை மூட்டை இறக்க யாரும் கூப்பிடுவதில்லை, "வீடியோல வந்தவன்" என்கிறார்கள். எஸ்.ஐ. வேறு நிலையத்தில் வேறு வீடியோக்களை க்ளியர் செய்து வாங்கிக்கொண்டிருப்பார். அந்த மென்பொருள் எதையும் தெளிவாக்குவதில்லை. வரைகிறது. பார்க்காததைப் பார்த்த மாதிரி சொல்கிறது. ஒரு மனிதச் சாட்சி அப்படிச் சொன்னால் நாம் கூண்டிலேயே கிழித்துப் போடுவோம், மிஷின் சொன்னால் போனை வாங்கிப் பார்த்து 'செம க்ளியர்' என்கிறோம். அசல் எங்கே, க்ளியர் செய்தவர் யார், அவருக்கு வீடியோவோடு வேறு என்ன கொடுத்தார்கள் என்று கட்டைப் பிரிப்பதற்கு முன்பே கேளுங்கள். அதற்கும் முன்பு, பஸ் பிடித்து ஜெயிலுக்குப் போய் உங்கள் கட்சிக்காரனின் முகத்தை நேரில் பாருங்கள்.

வெளியே வந்த அன்று ஜெயில் வாசலில் அஞ்சலை எனக்கு நன்றி சொல்லவில்லை. "நான்தான் மொதல்லயே சொன்னேனே வக்கீலய்யா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. புருஷனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டாள்.

ஜூலை 2 முதல் செப்டம்பர் 26 வரை, இரண்டு தேதியையும் சேர்த்து, ஏழுமலை உள்ளே இருந்தது எண்பத்து ஏழு நாள். அவள் என் மேஜைக்கு முன்னால் நின்று காதைப் பற்றிச் சொன்னது ஜூலை 8. அதற்கு முந்தின ஆறு நாளை எஸ்.ஐ. பெயரில் எழுதுகிறேன். மீதி என் பெயரில். எண்பத்தொன்று.